கண்டெடுத்த பிள்ளைகள்: லாச்சப்பலிலிருந்து கல்முனை வரை

சின்ன வயதில் குழப்படி செய்தபோது உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள்: "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினது." அம்மம்மா சொல்வார், மாமா சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள். எங்களுக்கு அது பகிடி. ஆனால் பிரான்சில் எங்களைப் போன்ற முகமும் முழுப் பிரெஞ்சுப் பெயரும் கொண்ட, இன்று நாற்பது வயதை ஒட்டிய பலர் இருக்கிறார்கள். 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கைக்குழந்தைகளாகத் தத்தெடுக்கப்பட்டு வந்தவர்கள். தன்னைக் கொடுத்ததற்கு யாராவது காசு வாங்கினார்களா, பெற்றவள் உண்மையில் கைவிட்டாளா என்பதெல்லாம் அவர்களுக்குப் பகிடி ஆகாது. அவர்களில் பலர் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், இன்று வெளிநாட்டிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விரும்பும் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன. "விடுதிகளில் அவ்வளவு பிள்ளைகள் இருக்கும்போது ஏன் இந்தத் தாமதம்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லக் கிட்டத்தட்ட 400 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். ஆனால் தொடங்குகிற இடம் நாங்கள் மரக்கறி வாங்கப் போகும் தெருதான்.

எங்கள் தெருவில் 13 வீடுகள்

லாச்சப்பலில் எங்கள் கடைகள் இருக்கும் ஃபோபூர் சான் தெனி தெரு, கார் து நோர் நிலையத்தைத் தாண்டிக் கீழே நீண்டு போகிறது. அப்படியே நடந்தால், ஒருகாலத்தில் சான் லசார் என்ற பெரிய மடம் இருந்த இடம் வரும். இன்று அங்கே ஃபிரான்சுவாஸ் சகான் நூலகம் இருக்கிறது. 1632இலிருந்து 1660இல் இறக்கும் வரை அந்த மடத்தில் வாழ்ந்தவர் வன்சான் து போல் என்ற பாதிரியார். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் "வின்சென்ட் டி போல் சபை" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே ஆள்தான்.

அந்தக் காலத்துப் பாரிசில், பிறந்த குழந்தையைத் தேவாலய வாசலில் விட்டுவிட்டுப் போவது அடிக்கடி நடந்தது. அப்படிக் கிடைத்த குழந்தைகளை நோத்ர் தாம் பக்கத்தில் "லா கூஷ்" என்று அழைக்கப்பட்ட ஒரு வீட்டில் ஒப்படைப்பார்கள். அங்கே பாலூட்ட ஆள் போதாது. பெரும்பாலான குழந்தைகள் இறந்தன. 1638இல் வன்சானும், அவரோடு வேலை செய்த லூயிஸ் து மரியாக்கும் அந்த வீட்டிலிருந்து 12 குழந்தைகளைத் தங்கள் பொறுப்பில் எடுத்தார்கள். எந்தப் பன்னிரண்டு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தெரிந்தார்கள். அதற்கு மேல் எடுக்க வசதி இல்லை. 1640களில் சான் லசாருக்குப் பக்கத்தில் 13 சிறு வீடுகளில் இந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். 1670இல் 14ஆம் லூயி அரசன் இதை அரச நிறுவனமாக்கினான். அதன் பெயர் "கண்டெடுத்த பிள்ளைகளின் மருத்துவமனை".

பெயரைக் கவனியுங்கள். கைவிட்ட பிள்ளை என்று சொல்லவில்லை, கண்டெடுத்த பிள்ளை. கைவிட்டது யார், ஏன் என்ற கேள்வி அந்தப் பெயரில் இல்லை. நல்ல மனதோடு வைத்த பெயர்தான். ஆனால் பெற்றவள் அதற்குள் எங்கும் இல்லை. அவளைத் தேட வேண்டும், கேட்க வேண்டும் என்ற எண்ணம் சட்டத்துக்குள் வர மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஆனது.

கண்டெடுத்த எல்லோரும் பெயர் தெரியாமல் போகவில்லை. 1717இல் சான் ஜான் லெ ரோன் தேவாலயத்தின் படியில் கிடந்த ஒரு குழந்தைக்கு அந்தத் தேவாலயத்தின் பெயரையே வைத்தார்கள். கண்ணாடி வேலை செய்பவர் ஒருவரின் மனைவி அவனை வளர்த்தார். அவன்தான் பிறகு கணித மேதையான தலம்பேர். இன்னொரு பக்கம், கல்வியைப் பற்றி "எமில்" என்ற புகழ்பெற்ற நூலை எழுதிய ரூசோ, தனக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் இந்த மருத்துவமனையில்தான் விட்டார். 1772இல் மட்டும் பாரிசில் 7,676 குழந்தைகள் இப்படி ஒப்படைக்கப்பட்டன. அதில் பெரும்பாலானவை முதல் பிறந்தநாளைக் காணவில்லை.

சுவரில் ஒரு பெட்டி, சேலத்தில் ஒரு தொட்டில்

1811இல் நெப்போலியன் அரசு ஓர் ஆணை போட்டது. குழந்தைகளை ஏற்கும் விடுதிகளின் சுவரில் சுழலும் மரப்பெட்டி வைக்க வேண்டும். தாய் வெளியே நின்று குழந்தையைப் பெட்டியில் வைத்து மணியை அடிப்பாள். உள்ளே இருப்பவர் பெட்டியைச் சுழற்றிக் குழந்தையை எடுப்பார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. குழந்தை குளிரில் சாகாமல் தப்பியது. ஆனால் தாயிடம் "என்ன நடந்தது? உதவி செய்தால் வைத்திருப்பாயா?" என்று கேட்கவும் வழி இல்லை. அந்தப் பெட்டிகள் பின்னர் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1904ஆம் ஆண்டுச் சட்டம் பெட்டிக்குப் பதிலாக அலுவலகக் கதவைத் திறந்தது. பெயர் சொல்லாமல் வரலாம், ஆனால் ஒரு மனிதரோடு கதைக்கலாம்.

இதே யோசனை கிட்டத்தட்ட இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு தமிழ்நாட்டில் வந்தது. 1986இல் "இந்தியா டுடே" இதழ் உசிலம்பட்டிப் பகுதியில் பெண் சிசுக்கள் கொல்லப்படுவதை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. சீதனச் செலவுக்குப் பயந்து நடந்த கொலைகள் அவை. 1992இல் முதலமைச்சர் ஜெயலலிதா சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார். "கொல்ல வேண்டாம், தொட்டிலில் போட்டுவிட்டுப் போ, அரசு வளர்க்கும்" என்பது அதன் பொருள். 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் அந்தத் தொட்டில்களில் வந்து சேர்ந்தன. மிகப் பெரும்பாலானவை பெண்கள்.

உயிர்கள் தப்பின, அது பெரிய விசயம். ஆனால் பாரிஸ் பெட்டிக்கு இருந்த குறை சேலம் தொட்டிலுக்கும் இருந்தது. பெண் குழந்தை ஏன் பாரமானது என்ற கேள்விக்குத் தொட்டில் பதில் சொல்லாது.

தாய்க்கு இரண்டு மாதம்

பிரான்சில் இன்றும் ஒரு பெண் தன் பெயரைச் சொல்லாமல் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறலாம். பெயர் எழுதும் இடத்தில் எக்ஸ் போடுவதால் இதைச் "சூ இக்ஸ்" என்று சொல்வார்கள். இரகசியமாகப் பிரசவிக்க ஆஸ்பத்திரி இடம் கொடுக்க வேண்டும் என்று 1941இல் சட்டம் வந்தது. 1993இல் அது குடியியல் சட்டத் தொகுப்புக்குள் போனது. குழந்தை பிறந்த பிறகு தாய்க்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. அதற்குள் மனம் மாறினால் குழந்தையைத் திரும்பப் பெறலாம். அது முடிந்த பிறகே தத்துக் கொடுக்கலாம்.

அப்படிப் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். 2002 ஜனவரியில் ஒரு சட்டம் வந்து, பிறப்பின் மூலத்தை அறிய உதவும் தேசிய சபை ஒன்றை உருவாக்கியது. தாய் விரும்பினால் தன் பெயரை மூடிய உறையில் விட்டுப் போகலாம். 1965இல் பாரிசில் இப்படிப் பிறந்த ஒரு பெண், தன் தாயின் பெயரைத் தர மறுத்த பிரான்சுக்கு எதிராக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். 2003இல் பத்துக்கு ஏழு என்ற கணக்கில் நீதிபதிகள் பிரான்சின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். நீதிபதிகளாலேயே ஒரே மனதாகச் சொல்ல முடியாத அளவுக்குச் சிக்கலான கேள்வி அது.

இந்தியாவின் சட்டத்திலும் ஏறக்குறைய அதே அவகாசம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின்படி, குழந்தையை ஒப்படைக்கும் தாய்க்கு மனம் மாற 60 நாள் உண்டு. தெருவில் கிடைத்த குழந்தை என்றால் பெற்றோரைத் தேட வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இரண்டு மாதத்திலும், மூத்த பிள்ளைக்கு நான்கு மாதத்திலும் "இந்தப் பிள்ளையைத் தத்துக் கொடுக்கலாம்" என்று முடிவு சொல்ல வேண்டும்.

இந்த இரண்டு மாதத்தை யாரும் சும்மா எழுதி வைக்கவில்லை. அது இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு இலங்கையே சாட்சி.

அவசரத்தின் விலை

1970களிலிருந்து ஏறக்குறைய 11,000 இலங்கைக் குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. நெதர்லாந்துக்கு மட்டும் மூவாயிரத்துக்கும் மேல். சுவிசுக்கு 1973க்கும் 1997க்கும் இடையில் 881. பிரான்சுக்கும் வந்தார்கள். அப்போது தாமதம் என்ற முறைப்பாடு அவ்வளவாக இல்லை. ஐரோப்பியத் தம்பதி கொழும்புக்கு வருவார்கள், சில வாரங்களில் கைக்குழந்தையோடு திரும்புவார்கள்.

எப்படி அவ்வளவு வேகமாக நடந்தது? 2017இல் "செம்பிளா" என்ற நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சி அதை வெளியே கொண்டுவந்தது. ஆஸ்பத்திரியில் "பிள்ளை இறந்துவிட்டது" என்று பொய் சொல்லப்பட்ட தாய்மார் இருந்தார்கள். குழந்தையைக் கையளிக்கும்போது பெற்றவளாக நடிக்கக் காசு கொடுத்து அமர்த்திய பெண்களும் இருந்தார்கள். இடைத்தரகர்கள், பொய்யான பிறப்புச் சான்றிதழ்கள், வறுமையில் என்ன கையெழுத்து என்று விளங்காமல் கையெழுத்து வைத்த பெண்கள். கொழும்பில் "குழந்தைப் பண்ணை" கண்டுபிடிக்கப்பட்ட செய்திகளுக்குப் பிறகு, 1987இல் இலங்கை வெளிநாட்டுத் தத்தெடுப்பைச் சில காலம் நிறுத்தியது. தவிட்டுக்கு வாங்குவது என்ற எங்கள் பகிடி, அங்கே ரொக்கத்துக்கு வாங்குவதாக நடந்திருக்கிறது.

நெதர்லாந்து அரசு அமைத்த ஆணைக்குழு 2021 பெப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. இலங்கை, இந்தோனேசியா, வங்காளதேசம், பிரேசில், கொலம்பியா ஆகிய ஐந்து நாடுகளில் முறைகேடுகள் நடந்தன, அரசுக்குத் தெரிந்தும் தலையிடவில்லை என்பது அதன் முடிவு. பிரான்சில் 2023இல் வரலாற்றாசிரியர்கள் இவ் தெனெஷேரும் ஃபாபியோ மசேதோவும் வெளிநாட்டமைச்சின் பழைய கோப்புகளை ஆராய்ந்து எழுதினார்கள். தூதரகங்களிலிருந்து வந்த எச்சரிக்கைகள் அந்தக் கோப்புகளுக்குள்ளேயே இருந்தன.

இந்தியாவில் தடுப்பு கொஞ்சம் முன்னாலேயே தொடங்கியது. 1982இல் லக்ஷ்மி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்தது. 1984இல் நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். பிள்ளையைத் தத்துக் கொடுக்கிறாயா என்று தாயிடம் பிறப்புக்கு முன்னும் கேட்கக் கூடாது, பிறந்து மூன்று மாதத்துக்குள்ளும் கேட்கக் கூடாது என்றார். 1993இல் ஹேக் நகரில் செய்யப்பட்ட உடன்படிக்கையும் இதே வழியில் போனது. தாயின் சம்மதம் பிறப்புக்குப் பிறகுதான் செல்லும். காசு கைமாறக் கூடாது. முதலில் சொந்த நாட்டில் குடும்பம் தேட வேண்டும், வெளிநாடு அதற்குப் பிறகு. இலங்கை 1995இலும், பிரான்ஸ் 1998இலும், இந்தியா 2003இலும் அதற்குள் வந்தன. இன்றைய கோப்பில் இருக்கும் ஒவ்வொரு கடதாசிக்குப் பின்னாலும், கேட்கப்படாமல் போன யாரோ ஒரு தாய் இருக்கிறாள்.

கல்முனை, 81ஆம் இலக்கம்

2004 டிசம்பர் 26, கடல்கோள் நாள். கல்முனை ஆதார வைத்தியசாலைக்குச் சேறு பூசிய கைக்குழந்தை ஒன்று கொண்டுவரப்பட்டது. அன்று சேர்க்கப்பட்ட 81ஆவது ஆள் என்பதால் உலகம் அவனை "குழந்தை 81" என்று அழைத்தது. ஒன்பது குடும்பங்கள் உரிமை கோரின என்று செய்திகள் பரவின. நீதிமன்றப்படி ஏறி வழக்காடியது ஒரு தமிழ்த் தம்பதிதான். ஆனால் கடலோடு எல்லாம் போனதால் அவர்களிடம் எந்தச் சான்றும் இல்லை. நீதிமன்றம் டி.என்.ஏ. சோதனைக்கு உத்தரவிட்டது. பொறுக்க முடியாமல் அவர்கள் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து பிள்ளையைத் தூக்கப் பார்த்துப் பொலிசில் அகப்பட்டார்கள். பெப்ரவரி நடுப்பகுதியில் முடிவு வந்தது. பிள்ளை அவர்களுடையதுதான்.

ஏழு வாரத்துக்குக் கொஞ்சம் மேல். அந்தத் தாய்க்கு ஒவ்வொரு நாளும் ஒரு யுகமாக இருந்திருக்கும். ஆனால் அந்த வாரங்களில் யாராவது இரக்கப்பட்டு "அநாதைக் குழந்தை" என்று ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயிருந்தால்? அந்த நேரத்தில் கடல்கோளில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளைத் தத்துக் கொடுப்பதை இலங்கை தடுத்து வைத்தது சரியான முடிவு. கண்டெடுத்த பிள்ளை எல்லாம் கைவிட்ட பிள்ளை இல்லை.

இது கற்பனைப் பயம் என்று நினைக்க வேண்டாம். 2007 ஒக்டோபரில் "சோயேயின் பேழை" என்ற பிரெஞ்சு அமைப்பு, தார்பூர் போரின் அநாதைகள் என்று சொல்லி 103 பிள்ளைகளை சாட் நாட்டிலிருந்து விமானத்தில் ஏற்றப் போனபோது பிடிபட்டது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் சாட் நாட்டவர். அவர்களுக்குக் குடும்பம் இருந்தது.

குழந்தையின் மணிக்கூடு

அப்படியென்றால் எவ்வளவு தாமதமும் நல்லதா? இல்லை. தாய்க்கு ஒரு மணிக்கூடு இருப்பதுபோலக் குழந்தைக்கும் ஒன்று இருக்கிறது. அது வேகமாக ஓடுகிறது. ருமேனியாவில் 2000களின் தொடக்கத்தில் விடுதிகளில் இருந்த 136 சிறு பிள்ளைகளை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். இரண்டு வயதுக்கு முன் குடும்பத்துக்குப் போனவர்கள் மிக நன்றாகத் தேறினார்கள். பிந்திப் போனவர்களுக்கு இழந்ததைப் பிடிப்பது கடினமாக இருந்தது. நேரத்துக்குப் பால் கொடுத்தாலும், அழும்போது ஒரே ஆள் வந்து தூக்காவிட்டால் மூளையின் வளர்ச்சியே பாதிக்கப்படுகிறது.

ஆகவே தாமதம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு காலங்கள் இருக்கின்றன. தாய் யோசிக்கவும், உறவினரைத் தேடவும், உண்மையைச் சரிபார்க்கவும் எடுக்கும் காலம் ஒன்று. கோப்பு அலுமாரிக்குள் கிடக்கும் காலம் மற்றொன்று. முதலாவதைக் குறைத்தால் இலங்கையின் 1980கள் திரும்பி வரும். இரண்டாவதற்கு எந்த நியாயமும் இல்லை. இந்தியாவில் தத்தெடுப்பு ஆணைகள் நீதிமன்றங்களில் தேங்கியதால், 2021இல் சட்டத்தைத் திருத்தி அந்த அதிகாரத்தை மாவட்ட ஆட்சியருக்குக் கொடுத்தார்கள். பெற்றோர் உயிரோடு இருந்தும் ஆண்டுக்கணக்கில் பார்க்க வராத பிள்ளைகள் பலர் விடுதிகளில் இருக்கிறார்கள். யாரும் கடதாசி வேலை செய்யாததால் அவர்கள் தத்தெடுப்புப் பட்டியலுக்கே வருவதில்லை.

எண்களும் இதைச் சொல்கின்றன. இந்தியாவில் 2024–25இல் 4,515 தத்தெடுப்புகள் நடந்தன. அதில் 4,155 உள்நாட்டுக் குடும்பங்களுக்குப் போனவை. பதிவு செய்து காத்திருக்கும் பெற்றோரோ 30,000க்கும் மேல். பிரான்சில் 2005இல் நாலாயிரத்துக்கும் மேல் இருந்த வெளிநாட்டுத் தத்தெடுப்பு, 2023இல் 176 ஆகக் குறைந்தது. டென்மார்க்கிலும் நெதர்லாந்திலும் அது முடிவுக்கு வருகிறது. ஆரோக்கியமான கைக்குழந்தைக்கு இன்று சொந்த நாட்டிலேயே வீடு கிடைக்கிறது. உண்மையில் காத்திருப்பது வளர்ந்த பிள்ளைகள், சகோதரங்களோடு சேர்ந்த பிள்ளைகள், மருத்துவ உதவி தேவைப்படும் பிள்ளைகள்.

இனி யாராவது "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று கேட்டால், அந்தக் காலம் எதற்குப் போகிறது, அதுவரை பிள்ளை எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். தாய்க்கு அவகாசம் கொடுக்கும் நாட்களில் பிள்ளை விடுதிக் கட்டிலில் கிடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஒரு வளர்ப்புத் தாயின் கையில் இருக்கலாம். 1638இல் 12 பேருக்குத்தான் முடிந்தது. இன்று எல்லோருக்கும் முடியும்.

உங்களுக்குத் தெரிந்த எழுத்து

பிரெஞ்சு வெளிநாட்டமைச்சின் ஆவணக் காப்பகம் 2009 முதல் எங்கள் லா கூர்னெவில்தான் இருக்கிறது. மெத்ரோவில் வந்து கோயிலுக்கும் கடைக்கும் போகிற ஊரில், வெளிநாட்டுத் தத்தெடுப்பின் வரலாற்றைச் சொல்லும் கோப்புகள் இருக்கின்றன. வம்சாவழி அறிய வீட்டிலேயே டி.என்.ஏ. சோதனை செய்வது பிரான்சில் தடை, 3,750 யூரோ வரை தண்டம் உண்டு. அதனால் தேடுகிறவர்களுக்குக் கடதாசிகள் இன்னும் முக்கியம்.

உங்கள் வகுப்பிலோ வேலையிடத்திலோ இப்படி வந்த ஒருவரைச் சந்தித்தால், "உண்மையான அம்மா யார்?" என்று கேட்க வேண்டாம். வளர்த்தவளும் உண்மைதான், பெற்றவளும் உண்மைதான். தமிழ் தெரியாது என்பதற்காக "எங்கட ஆள் இல்லை" என்று தள்ளவும் வேண்டாம். அவர் ஒருநாள் ஒரு பழைய பிறப்புச் சான்றிதழை நீட்டி, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்கலாம். ஊர்ப் பெயர், ஆஸ்பத்திரிப் பெயர், தாயின் பெயர் என்று நாலைந்து வரிகள் தமிழில் இருக்கலாம். சனிக்கிழமைகளில் தமிழ்ச்சோலையில் சலித்துக்கொண்டே படித்த எழுத்துகள்தான் அவை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்துச் சொல்லுங்கள்.